நடுக்கத்தப் பத்தி ஆராயுற வேலைக்கு நம்ம புள்ளைங்க வரணும்

கெம்பஸ் முடிச்சிட்டு வீட்டுல இருக்கிற தங்கச்சி ஒன்னு ஒரு வேக்கன்சிய எனக்கு அனுப்பி "அக்கா இது டொக்டர்மார் செய்ற வேலையா, நமக்கு சரிவருமா"ன்னு கேட்டிச்சி. பார்க்கின்சன் நோயும் மத்த அசைவுக் கோளாறுகளும் பத்தின ஆராய்ச்சி ஒன்னுக்கு ரிசர்ச் அசிஸ்டன்ட் தேவையாம். நான் இதே மாதிரி வேலையில கண்டிப் பக்கம் இருக்கிறதால அவளுக்கு எழுதுன பதில இங்கயும் போடுறேன், ஏன்னா தேயிலைத் தோட்டத்துல இருந்து படிச்சி வந்த புள்ளைங்க இதுக்கு அப்ளை பண்ணவே யோசிக்கிறாங்க, அது எனக்கு பெரிய கவலை.

நோயக் கண்டுபிடிச்சி மருந்து எழுதுறது நியூரோலொஜிஸ்ட், அதாவது நரம்பு டொக்டரோட வேலை. நம்ம வேலை நோயாளிகிட்ட சம்மதம் வாங்குறது, கேள்விகள் கேக்குறது, பயிற்சி எடுத்த பிறகு அசைவுகளப் பாத்து புள்ளி போடுறது, எல்லாத்தயும் பிழையில்லாம பதியுறது. புள்ளி போட உலகம் முழுக்க பாவிக்கிற ஒரு அளவுகோல் இருக்கு, எம்டிஎஸ்-யூபிடிஆர்எஸ்னு சொல்லுவாங்க, 2008ல வந்தது. ஒவ்வொன்னுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் புள்ளி. அதுல ஒன்னு பெருவிரலயும் ஆள்காட்டி விரலயும் எவ்வளவு அகலமா, எவ்வளவு வேகமா முடியுமோ அப்பிடி பத்து தடவை தட்டச் சொல்றது. வேகம் குறையுதா, விரல் விரியுற அளவு போகப்போக சின்னதாகுதா, நடுவுல நிக்குதான்னு பாக்கணும். கொழுந்து கிள்ளுறதும் அந்த ரெண்டு விரல்தான! வாழ்நாள் முழுக்க கொழுந்து எடுத்த அம்மாயி ஒருத்தங்க அத செய்யும்போது எனக்கு அந்த விரல் எப்பிடி ஓடணும்னு தெரியும், எங்கம்மாவோட விரலப் பாத்தே வளந்தவ நான்.

இந்த நோய் பொதுவா ஒரு பக்கத்துலதான் தொடங்கும், நடுக்கத்த விட அசைவு மந்தமாகுறதுதான் முக்கியமான அறிகுறி, நடுக்கமே இல்லாம பார்க்கின்சன் வர்ற ஆக்களும் இருக்காங்க. அப்போ தோட்டத்துல மொதல்ல என்னா நடக்கும்னு யோசிச்சிப் பாருங்க, எடுக்கிற கொழுந்தோட கிலோ குறையும். ஒரு கை பின்தங்குது, கூடை நெறயல, கங்காணி ஏசுறாரு, வீட்டுல "வயசாயிருச்சி"ங்கிறாங்க, சிலர் காத்துக்கருப்புன்னு கயிறு கட்டுறாங்க. மூளையில அசைவுக்குத் தேவையான டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்கிற செல்கள்ல பெரிய பங்கு செத்த பிறகுதான் இந்த அறிகுறி வெளிய தெரியும்னு சொல்றாங்க, அதுக்குப் பிறகும் இப்பிடி காலம் போகுது. அளவுகோல்ல உள்ள மாதிரி "உங்க கையெழுத்த வாசிக்க மத்தவங்க கஷ்டப்படுறாங்களா"ன்னு கேட்டா பள்ளிக்கூடமே போகாதவங்க என்னா சொல்லுவாங்க? அளவுகோல்ல உள்ள கேள்விய நம்ம இஷ்டத்துக்கு மாத்த ஏலாது, ஆனா எந்தக் கேள்வி இந்த மக்கள்கிட்ட பதில் எடுக்காதுன்னு குழுவுக்கு சொல்ல ஒரு ஆள் வேணும், நம்ம கிலோ கணக்க தனியா கேக்கலாமான்னு மீட்டிங்ல கேக்குறதுக்கும் ஆள் வேணும். அந்த ஆள் யாரு?

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது சம்மதம். எழுத்து வாசிக்கத் தெரியாதவங்கன்னா, ஆராய்ச்சியோட சம்மந்தமில்லாத ஒரு சாட்சி முன்னுக்கு முழுசா வாசிச்சி விளக்கி அதுக்குப் பிறகுதான் பெருவிரல் அடையாளம் வாங்கணும், சாட்சியும் கையெழுத்து போடணும், இது விதி. ஆனா நம்ம ஆக்கள் காலங்காலமா தொரைக்கும் கணக்கப்புள்ளைக்கும் "சரிங்க"ன்னு சொல்லிப் பழகினவங்க, வெள்ளக் கோட்டு போட்டவங்க பேப்பர நீட்டினா "நீங்க சொன்னா சரி மிஸ்"ம்பாங்க, அது சம்மதம் இல்ல. நான் விளக்கிட்டு "அம்மாயி, இப்போ நான் என்னா சொன்னேன்னு நீங்க எனக்கு சொல்லுங்க"ன்னு கேப்பேன், வேணாம்னு போனாலும் உங்க கிளினிக் மருந்து நிக்காதுன்னு திரும்பத் திரும்ப சொல்லுவேன். தோட்டத்துல வேலை வாங்குறவங்கள சாட்சிக்குக் கூப்பிடவே கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து.

இன்னொன்னு தோட்டத்துல களைக்கு மருந்தடிக்கிற வேலை செஞ்சவங்க. பரகுவாட்ங்கிற களைநாசினிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு வெளிநாட்டு ஆராய்ச்சிகள் சொல்லியிருக்கு, ஆனா ஒருத்தருக்கு அதாலதான் வந்திச்சின்னு அடிச்சிச் சொல்ல ஏலாது. இலங்கையில 2008ல இருந்து 2011க்குள்ள படிப்படியா அத நிப்பாட்டினாங்க, ஆனா அதுக்கு முன்ன முதுகுல டேங்க சொமந்துகிட்டு மலை மலையா அடிச்ச தாத்தாமார் இன்னும் நம்ம லயத்துல இருக்காங்க. மருந்தோட பேரு ஞாபகம் இல்லாட்டியும் எந்த மலையில, எந்தக் கவ்வாத்து வருசம், கையுறை போட்டாங்களான்னு அவங்களுக்கு நெனவு இருக்கும், அப்பிடி கேக்கத் தெரிஞ்சாதான் அந்த தகவல் பேப்பருக்கு வரும்.

வேலையில கஷ்டமும் இருக்கு. சம்பளம் ஆராய்ச்சிப் பணத்துல வர்றது, பணம் முடிஞ்சா வேலையும் முடியும், அத வீட்டுல முன்கூட்டியே சொல்லிருங்க. பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா குளிசை ரத்தத்துல கொஞ்ச நேரம்தான் நிக்கும், ரம்பொடை வளைவெல்லாம் தாண்டி விடியக்காலை பஸ்ல வர்றவரு குளிசைய எப்போ போட்டாருன்னு கேட்டு நேரத்த எழுதாட்டி அந்த புள்ளிக்கு அர்த்தமே இல்ல, அதே ஆளு ஒரு மணித்தியாலத்துல நல்லா நடப்பாரு, இன்னொரு மணித்தியாலத்துல கதவு நிலையில கால் ஒட்டிகிட்ட மாதிரி நிப்பாரு. பின்னால நின்னு தோளப் புடிச்சி சட்டுன்னு இழுத்துப் பாக்குற சோதனை ஒன்னு இருக்கு, அவர் விழுந்தா தாங்குற மாதிரி நின்னாதான் செய்யணும், சொல்லிக்குடுக்காம யாரும் தனியா செய்யாதீங்க.

பயோலொஜி, நர்சிங், பிசியோதெரபி, சைக்கோலொஜி எது படிச்சிருந்தாலும் போடுங்க. ஜிசிபின்னு, மனுசங்கள வச்சி செய்ற ஆராய்ச்சிய ஒழுங்கா செய்றதுக்கான பயிற்சி ஒன்னு இருக்கு, அத ஒன்லைன்ல செஞ்சி சர்டிபிகேட்ட சேர்த்து அனுப்புங்க. சிவியில தமிழ், சிங்களம் ரெண்டும் பேசுவேன்னு மட்டும் எழுதாம எந்த தோட்டத்துல பொறந்து வளந்தேன்னும் எழுதுங்க, மறைக்காதீங்க. இன்டர்வியூல அதப் பத்தி கேக்காட்டி நீங்களே கதைய ஆரம்பிங்க.