தூளி வாஷிங் மெஷின்

பிளஸ் ஒன்னில் அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் பக்கத்து பெஞ்சுக்காரியும் செய்து வைத்த வாஷிங் மெஷினைப் பார்த்து, கூடப் படித்த உங்களில் பாதிப் பேராவது சிரித்திருப்பீர்கள். மூடி போட்ட பெயின்ட் பக்கெட்டைப் படுக்கப் போட்டு, காசிமேட்டில் வாங்கின நைலான் கயிற்றில் தூளியாகத் தொங்கவிட்டிருந்தோம். காலால் ஆட்டினால் உள்ளே துணியும் சோப்புத் தண்ணீரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதும், அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, முக்கியமாகக் குழாய் கிடையாது.

குழாய் இல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமா என்ன! பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் லாரி, அடிபம்பு, பிளாஸ்டிக் குடம். கடையில் விற்ற மெஷினோ குழாயில் நல்ல வேகத்தோடு தண்ணீர் வரும் என்று நம்பிச் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்த பேட்டை, அதில் துவைக்கிற மெஷினுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் மெஷினில் குடத்தால் மொண்டு ஊற்றலாம்.

பிசிக்ஸ் மிஸ் சிரிக்கவில்லை. ‘இவ்வளவு மெதுவா ஆட்டினா அழுக்கு எப்படிம்மா போகும்?’ என்று கேட்டார். ராத்திரியே ஊறப்போட்டுவிடுவோம் மிஸ் என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் சொன்னது பாடப்புத்தக விஷயம் என்று. 1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானியர், சலவை என்பது சோப்பு, சூடு, நேரம், அடி நான்கும் சேர்ந்தது, ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்று வட்டம் போட்டே காட்டியிருக்கிறார். நம்மிடம் சுடுதண்ணீர் இல்லை, அடிக்க மோட்டார் இல்லை, ராத்திரி முழுக்க நேரம் மட்டும் இருந்தது.

இப்போது டொராண்டோவில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காசு போட்டுத் துவைக்கிறேன். ஒருநாள் பழுது பார்க்க வந்தவர் ஒரு மெஷினைத் திறந்து வைத்திருந்தார், உள்ளே ஒரு பெரிய கான்கிரீட் கட்டி! துவைக்கிறதுக்கு அது தேவையே இல்லை, பிழிகிறதுக்குத்தான். அரை மீட்டர் அகல டிரம் நிமிஷத்துக்கு 1200 சுற்று சுற்றும்போது துணியின் மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 400 மடங்கு, துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் மெஷினே நடக்க ஆரம்பித்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் கான்கிரீட், ஸ்பிரிங், தடித்த பேரிங் எல்லாம். ஜனவரியில் வெளியே காயப்போட்டால் துணி அப்பளமாக விறைத்துப்போகிற ஊருக்கு இது நியாயம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிற ஊருக்கு எதற்கு இந்தப் பாரம்? மெஷினில் பாதியைக் கழற்றி வீசிவிடலாம் என்பது என் கட்சி, இன்றைக்கும்.

புதுசாக யோசித்தவர்களும் டிரம்மை விடவில்லை. ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் 2000-இல் கையால் கசக்குகிற மாதிரி இருக்கட்டும் என்று எதிரெதிராகச் சுற்றும் இரண்டு டிரம் வைத்தார், விலை அதிகம், சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பக்கத்து வீட்டுப் பெண் படும் பாட்டைப் பார்த்துவிட்டு நவ் சாஹ்னி என்ற பிரிட்டிஷ் எஞ்சினியர் செய்த ‘திவ்யா’ கையால் சுற்றுவது. எனக்குப் பிடித்த மெஷின் அதுதான், ஆனால் அதிலும் சுற்றல்தான்.

அப்புறம் அலசுகிற தண்ணீர். கடைசி அலசல் தண்ணீரை எடுத்து வைத்து அடுத்த தடவை சோப்புக்கு ஊற்றுவது, சோப்புத் தண்ணீரைக் கக்கூசுக்கு விடுவது என்று சார்ட்டில் அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தோம். நம் அம்மாக்கள் செய்ததுதான், நாங்கள் கலர் பென்சிலில் வரைந்தோம்.

மிஸ் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. ‘சரி, போர்வையை யார் பிழியறது?’ ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவோம் என்று சமாளித்தோம். இப்போது எனக்குத் தோன்றுவது, அடியில் ஓட்டை போட்ட உருளை, மேலே திருகு, பெரிய இடியாப்ப நாழி. ஈரப் போர்வையைப் போட்டுத் திருகினால் தண்ணீர் கீழே வாளியில் இறங்கும், அதுவும் வீணாகாது. நம் செட்டில் மெக்கானிக்கல் படித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்களே, அந்தத் திருகுக்கு எவ்வளவு நீளக் கைப்பிடி வேண்டும், ஐம்பது வயசுக்காரி ஒருத்தியால் திருக முடியுமா என்று கணக்குப் போட்டு அடுத்த ஒன்றுகூடலுக்கு எடுத்து வாருங்கள். பக்கெட்டும் கயிறும் நான் கொண்டுவருகிறேன்.