பன்னிரண்டு பேர், ஒரு பென்னி

வேதபாட மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, அனுதாபச் செய்திகளுக்கு நடுவே ஒருவர் "ஏறடா வாங்கில" என்று எழுதினார்: பிழைவிட்டவனை வாங்கில், அதாவது பெஞ்சில், ஏற்றிவிடும் மாஸ்டரின் வார்த்தை. அதற்குப் பிறகு குழுவில் வேறு பேச்சே இல்லை. சங்கம் வெளியிடும் இந்த மலருக்கு "மாஸ்டரைப் பற்றி ஏதாவது" செயலாளர் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி எழுதினால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜோன் வெஸ்லி என்ற குருவையும் அவர் வழிவந்த மெதடிஸ்தரையும் பற்றிய அவருடைய பாடத்தை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு, இரண்டாம் தவணைப் பரீட்சை. ஒருவன் எழுதிய விடை: "1738 மே 24 இல் ஜோன் வெஸ்லி மெதடிஸ்த திருச்சபையை ஸ்தாபித்தார்." மாஸ்டர் அதை மூன்று தரம் உரத்து வாசித்தார். "ஒரு வசனத்துக்கை எத்தினை பிழை எண்டு எண்ணுங்கோ" என்றார். எழுதியவன் வாங்கில் ஏறினான். யாரென்று உங்களுக்குத் தெரியும். ஒன்றுகூடல்களில் இன்னமும் அந்தப் பகிடி ஓயவில்லை.

முதற் பிழை, பெயர். மெதடிஸ்த என்ற சொல் 1738க்கு முந்தியது. 1729இல் ஒக்ஸ்போர்ட்டில் சாள்ஸ் வெஸ்லி சில மாணவரைச் சேர்த்துப் படிக்கவும் செபிக்கவும் தொடங்கினார். சொந்த ஊரான எப்வேர்த்திலிருந்து திரும்பிவந்த அண்ணன் ஜோன் அதற்குத் தலைவரானார். புதன், வெள்ளி உபவாசம்; கிரேக்கத்தில் புதிய ஏற்பாடு; அடுத்த வருடத்திலிருந்து சிறையில் கடன்காரக் கைதிகளைச் சந்திப்பது. நேரத்தைப் பிரித்துப் பிரித்து எதற்கும் ஒரு முறை வைத்ததால் மற்ற மாணவர்கள் சூட்டிய பட்டப்பெயர்தான் மெதடிஸ்ட். மாஸ்டரின் மொழிபெயர்ப்பு: "டைம்டேபிள்காரர்."

இரண்டாவது, மே 24. அன்று நடந்தது ஒரு மனிதனுக்குள். அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்கு மிஷனரியாகப் போய், தோற்று, வழக்கிலும் மாட்டித் திரும்பியவர் வெஸ்லி. லண்டன் அல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். வேதத்தின் ரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, ஒன்பதுக்குக் கால் மணி இருக்கையில், தன் இருதயம் அதிசயமாய் அனல்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதினார். பிரசங்கங்களில் எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை. 1739 ஜனவரி 4 இல் அதே நாட்குறிப்பில், தான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று அதே மனிதர் எழுதியிருப்பதையும் சொன்னார். "சூடு ஏழு மாதத்திலை ஆறிப்போச்சு. ஆறாமல் வைக்கிறது எப்பிடி எண்டுறதுதான் பாடம்."

மூன்றாவது, "ஸ்தாபித்தார்". வெஸ்லி 1791 மார்ச் 2 இல் இறக்கும்வரை இங்கிலாந்துச் சபையின் குருவானவர். அவர் அமைத்தவை சங்கங்கள். அமெரிக்க யுத்தத்துக்குப் பின் அங்கே திருவிருந்து கொடுக்கக் குருமார் இல்லாமல் போக, 1784இல் தாமே இருவருக்குக் குருப்பட்டம் கொடுத்து, தோமஸ் கோக்கைக் கண்காணியாக நியமித்தார். பிஷப் அல்லாதவர் பட்டம் கொடுப்பதா என்று சொந்தத் தம்பி சாள்ஸே கொதித்தார். பிரிவுக்கு வழி வைத்தது அதுதான், அனல்கொண்ட இருதயம் அல்ல.

பிறகு மாஸ்டர் சோக்கட்டியை எடுத்து "12" என்று எழுதினார்.

1742 பெப்ரவரி 15, பிரிஸ்டல். 1739இல் கட்டத் தொடங்கிய நியூ ரூம் மண்டபத்தின் கடன் இன்னும் தீரவில்லை. ஃபோய் என்ற கப்பல் கப்டன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். பலருக்கு அதற்கும் வசதியில்லை என்று மறுப்பு வந்தது. "மிக ஏழைகளான 11 பேரை என்னிடம் விடுங்கள். வாரந்தோறும் போய்க் கேட்பேன். இல்லாதவருக்கும் சேர்த்து நானே போடுவேன்" என்றார் கப்டன். வீடு வீடாகப் பென்னிக்குப் போனவர்கள் வேறு சங்கதிகளோடு திரும்பினார்கள்: இவன் குடிக்கிறான், அவன் மனைவியோடு சண்டை. இத்தனை நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்கு விளங்கியது. கடனுக்காக வந்த ஏற்பாடு 'வகுப்பு' ஆனது.

வீட்டுக்குப் போவதும் சரிவரவில்லை. நேரம் போதாது. வேலைக்காரராய் இருந்தவர்களின் எசமான்களுக்கு இந்த வருகை பிடிக்கவில்லை. அனுமதித்த வீட்டிலும் தனியாகப் பேச இடமில்லை. ஒருவர்மேல் ஒருவர் சொன்ன குற்றத்தை இருவரையும் நேருக்குநேர் வைத்தால்தான் தீர்க்கலாம். ஆகவே பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். சேர ஒரே நிபந்தனை, வரப்போகும் கோபாக்கினைக்குத் தப்பும் விருப்பம். நிலைத்திருக்க 1743இன் விதிகள்: தீமை செய்யாதே, நன்மை செய், தேவ நியமங்களைக் கைக்கொள். தீமைப் பட்டியலில் தீர்வை கட்டாத கள்ளச் சாமானும், பேரம்பேசி வார்த்தையை வளர்ப்பதும் உண்டு. (எங்கள் கரையோரப் பையன்கள் சிலர் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டது ஞாபகம்.)

அங்கத்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டு. வகுப்புத் தலைவர் (கிளாஸ் லீடர்) சொல்வதைக் கேட்டு, ஒவ்வொருவரையும் விசாரித்துப் புதுச் சீட்டுக் கொடுப்பார்கள். தவறியவருக்குப் புதுச் சீட்டு வராது. யாரையும் சத்தமில்லாமல் நீக்க இது நல்ல வழி என்று வெஸ்லியே எழுதியிருக்கிறார். எப்போதும் சத்தமில்லாமல் நடக்கவில்லை. 1743 மார்ச்சில் நியூகாசிலில் நீக்கப்பட்ட 64 பேரின் கணக்கைக் கரும்பலகையில் போட்டு எங்களைக் கூட்டச் சொன்னார் மாஸ்டர்: சாபமிட்டோர் 2, ஓய்வுநாளை மீறியோர் 2, குடிகாரர் 17, சாராயம் விற்றோர் 2, சண்டைபிடித்தோர் 3, மனைவியை அடித்தவர் 1, பொய்யர் 3, தூஷித்தோர் 4, சோம்பேறி 1, அசட்டையாய்த் திரிந்தோர் 29. வாங்கைப் பார்த்து, "உந்த இருபத்தொன்பதிலை நீ ஒருத்தன்" என்றார்.

இத்தனை கணக்கு ஏன்? விட்ஃபீல்ட் விஷயத்தை மாஸ்டர் இங்கேதான் இழுத்தார். வெஸ்லிக்கு முன்னே வெளியரங்கில் பிரசங்கிக்கத் துணிந்தவர், அவருடைய ஒக்ஸ்போர்ட் நண்பர் ஜோர்ஜ் விட்ஃபீல்ட். 1739 பெப்ரவரியில் கிங்ஸ்வூட் சுரங்கத் தொழிலாளருக்கு அவர் பிரசங்கித்த பிறகுதான், ஏப்ரல் 2 இல் கூச்சத்தோடு வெஸ்லி வெளியே வந்தார். ஆனால் விட்ஃபீல்ட் கல்வினின் வழி: தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர் விழுந்துபோக மாட்டார். வெஸ்லிக்குக் கிருபை எல்லாருக்கும் உரியது. மனிதன் தேடுமுன்னே அது அவனைத் தேடி வருகிறது. பூரண அன்புவரை வளரலாம், பின்வாங்கவும் போகலாம். பின்வாங்கலாம் என்றால் வாரந்தோறும் ஒருவர் கேட்கத்தான் வேண்டும். வகுப்பு அந்த இறையியலின் முதுகெலும்பு. விட்ஃபீல்டின் குரலுக்குக் கூடிய கூட்டம் அவ்வளவு பெரிது. அந்தக் கூட்டத்தைக் கட்டிவைக்க வெஸ்லியைப்போல் அவர் ஏற்பாடு செய்யவில்லை.

பிரசங்கிகளை மாஸ்டர் வேகமாகக் கடந்தார். பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்ஃபீல்ட் பிரசங்கிக்கிறான் என்று அறிந்து வெஸ்லி லண்டனுக்கு விரைந்தபோது, அவனும் உன்னைப்போல் அழைக்கப்பட்டவன்தான் என்று தாய் சூசன்னா மறித்தது. கல்தச்சன் ஜோன் நெல்சனைப் பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தது. கத்திப் பிரசங்கித்த ஜோன் கிங்குக்கு, இனிக் கத்தாதே என்று வெஸ்லி கடிதம் எழுதியது. மிஷனரிகளோடு இலங்கைக்குப் புறப்பட்ட கோக் 1814 மே 3 இல் இந்து சமுத்திரத்தில் இறந்தார். அவரோடு வந்தவர்கள் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் வந்தார்கள். "மெதடிஸ்தரிட்டைப் பிரசங்கத்தை நல்லாய்ப் படிச்சவர் ஆர் தெரியுமே? நாவலர்" என்பார். 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பொறாமை தெரியும்.

மணி அடித்தது. இறங்கச் சொல்ல அவர் மறந்துபோனார்.

வெளிநாடு போகப் புறப்பட்ட எல்லாரும் நற்சாட்சிப் பத்திரத்துக்கு அவரிடம் போனோம். கையெழுத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வி: "அங்கை உன்ரை கிளாஸ் லீடர் ஆர்?" வாசலைத் தாண்டியதும் எல்லாரும் சிரித்தோம். அவர் கடைசிவரை ஊரை விட்டு அசையவில்லை. அவருக்கு நாங்கள் யாரும் பதில் எழுதவுமில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அங்கத்தவர் பட்டியல் இருக்கிறது. மூன்று வருடச் சந்தா கட்டாதவர்களின் பெயர்கள் இம்முறை அதில் இல்லை. சத்தமில்லாமல்தான் எடுத்திருக்கிறார்கள்.