மாவுக்கட்டும் மூச்சுக்குழாயும்

1998 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 'ரியர் விண்டோ' என்ற படத்தை ஒளிபரப்பியது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1954-இல் எடுத்த படத்தின் மறுஆக்கம் அது. பெயர்பெற்ற சஸ்பென்ஸ் படங்களை எடுத்துக்கொண்டு, காலத்தையும் நடிகர்களையும் மாற்றி, தொலைக்காட்சிக்கென்று சுருக்கி எடுக்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. அப்படி வந்தவற்றைத் தேடித் தேடிப் பார்த்துப் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன் நான். பெரும்பாலானவற்றை ஒருமுறை பார்த்ததே அதிகம் என்றிருக்கையில், இந்தப் படத்தை மட்டும் சென்ற வாரம் இரண்டாவது முறையாகப் பார்த்தேன்.

சன்னலருகே நகர முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவன், எதிர்வீட்டில் கொலை நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறான்: கதை இவ்வளவுதான். இதை முதலில் எழுதியவர் கார்னெல் வூல்ரிச். அவருடைய சிறுகதை 1942-இல் ஒரு துப்பறியும் இதழில் வெளிவந்தது. அவன் ஏன் அந்த அறையை விட்டு வெளியேறுவதில்லை என்பதைக் கதை முழுவதும் மறைத்து வைத்திருந்து, கடைசி வரியில்தான் காலில் மாவுக்கட்டு இருக்கும் செய்தியை அவர் வெளியிடுகிறார். (அந்த வூல்ரிச்சே தம் இறுதிக் காலத்தில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் இருந்து, 1968-இல் காலமானார்.)

ஹிட்ச்காக் அந்த ரகசியத்தைத் தூக்கி முதல் சில நிமிடங்களிலேயே வைத்துவிட்டார். கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் வியர்த்துக் கிடக்கும் முகம், தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கும் வெப்பமானி, காலில் இடுப்புவரை ஏறிய மாவுக்கட்டு, அதன்மேல் கிறுக்கப்பட்ட கிண்டல் வாசகம், நொறுங்கிப்போன கேமரா, சுவரில் பந்தயக் கார் விபத்தின் புகைப்படம், அதில் படமெடுப்பவரை நோக்கியே பறந்து வரும் ஒரு சக்கரம் என்று கேமரா மெல்ல நகர்ந்து காட்டி முடிக்கையில், அவன் யார், என்ன தொழில் செய்கிறான், எப்படி அடிபட்டான் என்பதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டு பிரிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்பது அடுத்த காட்சியிலேயே தெரிகிறது. அந்த ஒரு வாரம்தான் படம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. இது தற்காலிகமான சிறை என்பதால்தான் நம்மால் சிரிக்கவும் முடிகிறது. இறுதியில் இரண்டு கால்களிலும் கட்டோடு அவன் தூங்குவதைக் காட்டும்போது கொட்டகையே சிரிக்கிறது.

தொலைக்காட்சிப் படத்தில் கட்டு என்பதே இல்லை. இதன் நாயகன், 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர். மூன்றாண்டுகள் கழித்து, கார் விபத்தில் அதே நிலைக்கு ஆளான ஒரு கட்டடக் கலைஞராக இதில் நடித்தார். படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். ஹிட்ச்காக் நொறுங்கிய கேமராவைக் கொண்டு சொல்லி முடித்ததை இந்தப் படம் மருத்துவமனை, சிகிச்சை, வீடு திரும்புதல் என்று நெடுநேரம் சொல்கிறது. வேறு எந்த நடிகராக இருந்தாலும் 'இழுவை' என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால், செயற்கைச் சுவாசக் கருவி காற்றைத் தள்ளுவதற்கேற்ப வாக்கியம் நடுவில் நின்று, பிறகு தொடரும் அவருடைய பேச்சைக் கேட்கும்போது, அங்கே நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதரின் துன்பத்தை விற்கிறார்களோ என்ற உறுத்தலும் இருந்தது. அவரே முன்னின்று எடுத்த படம் என்பதை நினைவூட்டிக்கொண்ட பிறகும் அது முழுவதும் போகவில்லை.

இந்த மாற்றத்தால் கைவிட்டுப் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட் ஏற்ற புகைப்படக்காரனுக்குக் கிரேஸ் கெல்லியைப் போல ஒரு காதலி எதிரே நிற்கும்போதும் எதிர்வீட்டைப் பார்ப்பதில்தான் மோகம்; அவனோடு சேர்ந்து எட்டிப் பார்க்கிற நமக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு என்று ஹிட்ச்காக் குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறார். ரீவின் பாத்திரத்துக்கோ பார்ப்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும் அசைவு. அவரை யாரால் குறை சொல்ல முடியும்? குறை சொல்ல முடியாதபோது மூலப்படத்தின் விஷமமும் போய்விடுகிறது.

அதற்கு ஈடாகக் கிடைப்பது வேறுவகை பயம். 1954 படத்தில் கொலைகாரன் இருட்டில் அறைக்குள் வரும்போது, ஸ்டூவர்ட் ஒவ்வொரு பிளாஷ் பல்பாக மாட்டி அவன் கண்ணைக் கூச வைக்கிறார். அவருக்குக் கையாவது இருந்தது. இங்கே இருப்பவை ஒரு குரலும், அந்தக் குரலுக்குக் கட்டுப்படும் கருவிகளும் மட்டுமே. அந்தக் குரலும் கழுத்தில் செருகிய ஒரு குழாயை நம்பியிருக்கிறது. உள்ளே நுழைகிறவனுக்கு ஆயுதம் வேண்டியதில்லை; குழாய் கழன்றாலே போதும். இது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், எதிர்வீட்டுச் சன்னலைவிட அந்தக் குழாயின்மீதே என் கண் போய்க்கொண்டிருந்தது. பழைய படத்தில் இல்லாத சஸ்பென்ஸ் இது. ரீவுக்கு இந்த நடிப்புக்காகத் திரைநடிகர் சங்கத்தின் விருது கிடைத்ததில் வியப்பில்லை.

எதிர்வீட்டுப் பகுதிதான் சப்பென்றிருக்கிறது. ஹிட்ச்காக் பாரமவுண்ட் அரங்கத்தில் 31 குடியிருப்புகள் கொண்ட ஒரு முற்றத்தையே கட்டி, தனிமையில் வாடும் பெண், மெட்டுக்குத் திணறும் இசைக்காரர், திரைச்சீலையை விலக்காத புதுமணத் தம்பதி என்று ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். தொலைக்காட்சிப் படத்தில் சிற்பியான கொலைகாரனைத் தவிர வேறு யார் முகமும் எனக்கு நினைவில் தங்கவில்லை.

இதற்குக் காசுப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் படத்துக்கு மிஞ்சும். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் பார்ப்பவர் சேனலை மாற்றாதபடி ஒரு சிறு அதிர்ச்சி வைத்தாக வேண்டும். சஸ்பென்ஸ் என்பதோ சேர்ந்துகொண்டே போக வேண்டியது. கிரேஸ் கெல்லி கொலைகாரன் வீட்டில் மாட்டிக்கொண்டு, இறந்தவளின் மோதிரத்தை விரலில் போட்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து எதிர்ச்சன்னலுக்குச் சைகை காட்டுகிறார். அதைக் கவனித்துவிட்ட அவன் மெல்லத் தலையைத் தூக்கி நேராக நம்மையே பார்க்கிறான். அதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்கு மேலான காத்திருப்பு அந்தப் பார்வையில் சேர்ந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோப்பும் காரும் விற்கிற இடத்தில் அதைச் சேர்த்து வைக்க முடியாது.

ஹிட்ச்காக்கின் மற்ற படங்களைத் தழுவி வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'லைஃப்போட்' படகை விண்கலமாக்கி 1993-இல் 'லைஃப்பாட்' வந்தது. யோசனை நன்றாகவே இருந்தது. 'தி பேர்ட்ஸ்' படத்தின் தொடர்ச்சியாக 1994-இல் வந்த 'தி பேர்ட்ஸ் 2' படத்தில் இயக்குநரே தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ரீவின் படம் ஒளிபரப்பான பன்னிரண்டாம் நாள், 'சைக்கோ'வை ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்த படம் திரையரங்குகளில் வெளியானது. பெரிய திரையில், வண்ணத்தில் எடுத்தும் அதில் புதிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை.

நான் பார்த்தது விளம்பரங்களை வெட்டிய பிரதி. இடைவேளை வந்த இடங்களில் திரை ஒரு நொடி கறுத்து, ஓசையும் நின்று, பிறகு படம் தொடர்கிறது. முதல் இரண்டு முறையும் அடுத்த காட்சி எது என்றுதான் காத்திருந்தேன். அதன்பின் திரை கறுக்கும்போதெல்லாம், சுவாசக் கருவியின் ஓசை திரும்ப வருகிறதா என்றே காது போயிற்று.