பேசாத படத்திலும் பேசக்கூடாதாம்

திரையில் ராஜாவுக்குப் பெரியம்மை கண்டுவிட்டது. "ஆத்தா இறங்கிட்டா, வாசல்ல வேப்பிலையைச் சொருகச் சொல்லு" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொன்னேன், அவ்வளவுதான், முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். ஊமைப் படம் சார் அது! ஓரமாக ஒருவர் பியானோ வாசிக்கிறார், வேறு சத்தமே கிடையாது. யாருடைய வசனத்தை நான் கெடுத்தேன்?

படம் 'மேடம் டூபாரி', 1919-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதே பெர்லினில் எடுத்தது. தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் பெண் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயிக்கு ஆசைநாயகியாகி, கடைசியில் புரட்சிக்காரர்களிடம் தலையைக் கொடுக்கிற கதை. அந்தப் பெண்ணாக வரும் போலா நெக்ரி கண்ணை உருட்டினால் போதும், நடுவில் வரும் ஜெர்மன் எழுத்தை நான் பாதி கூட்டிப் படிப்பதற்குள் அது மறைந்துவிடுவது ஒரு குறையாகவே தெரியவில்லை. எமில் யானிங்ஸ்தான் ராஜா. ஆள் உட்கார்ந்தாலே நாற்காலி நிறைந்துவிடுகிறது.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போடுவதில்லை, காலி பாட்டிலைச் சேர்த்துவைத்துக் கடையில் கொடுத்துக் காசு வாங்குகிறேன், சரி. ஆனால் தலை வெட்டும் கில்லட்டின் அடியில் அந்தப் பெண் உயிருக்குக் கெஞ்சும்போது அரங்கமே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்ததே, அங்கேதான் மனசு டூரிங் டாக்கீசுக்கு ஓடிவிட்டது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொண்டு, "அடப் பாவி, கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்டி" என்று கதாநாயகிக்குக் குரல் கொடுப்பாள் என் அப்பத்தா. வில்லனுக்கு மண்ணை வாரித் தூற்றிவிட்டு, ரீல் மாற்றுகிற நேரத்தில் மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து எனக்குக் கொடுப்பாள். அவளை யார் அடக்கினார்கள்? ஆபரேட்டரே எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

இன்னொன்றும் தோன்றியது. 1918 நவம்பரில் இவர்களுடைய சக்கரவர்த்தி கைசரே முடியைத் துறந்து ஹாலந்துக்குப் போய்விட்டார். அடுத்த ஜனவரியில் பெர்லின் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை. அந்த வருஷ செப்டம்பரிலேயே அரண்மனைக்குள் ஜனம் புகுந்து அடிக்கிற படம் இங்கே திரைக்கு வருகிறது. அன்றைக்குப் பார்த்த பெர்லின்காரர்கள் வாயை மூடிக்கொண்டா பார்த்திருப்பார்கள்? கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன். இந்த அமைதியெல்லாம் பின்னால் வந்த பழக்கமாகத்தான் இருக்கும்.

படம் முடிந்ததும் பாருங்கள், கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்குகிற வரிசையில் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது, அந்த முன்வரிசை அம்மாவுக்கும்தான். நெக்ரியைப் பற்றி என்னிடமே நிறுத்தி நிதானமாகப் பேசினார். இதே லூபிட்ச் அடுத்த வருஷம் எடுத்த 'அன்னா போலின்' படத்தையும் போடப்போகிறார்களாம், கட்டாயம் வரச் சொன்னார். அதிலும் ராணியின் தலை போகிறது, அதிலும் யானிங்ஸ்தான் ராஜா. "இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் மனைவி.