நியாகதாரே பால் நிலையத்தில் மூன்று மாதங்கள்

ருவாண்டாவின் கிழக்கு மாகாணத்தில், உகாண்டாவையும் தான்சானியாவையும் எல்லையாகக் கொண்ட நியாகதாரே மாவட்டத்தில், மாடு வளர்ப்போர் கூட்டுறவாக நடத்தும் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தன்னார்வலராகப் பணிபுரிந்தேன். கலப்பினப் பசுக்களைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஆனால் அங்கே என் கவனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பால் ஊற்றும் பாத்திரம்தான்.

அம்மக்களுக்கு மாடு எத்தகையது என்பதை அவர்களுடைய முகமன் சொல்லே உணர்த்திவிடும். ஒருவர் 'அமாஷ்யோ' என்று வாழ்த்தினால் 'உனக்கு மந்தைகள் பெருகட்டும்' என்று பொருள். 'அமாஷொங்கோரே', அதாவது 'பசு மந்தைகளாகப் பெருகட்டும்' என்று மற்றவர் மறுமொழி கூறுவார். தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு என எனக்கு மொழிபெயர்த்து உதவிய இளைஞரிடம் சொன்னேன். அன்று முழுவதும் பால் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் அவர் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். 1994-ஆம் ஆண்டு இனப்படுகொலையில் மனிதர்களோடு மாடுகளும் பெருமளவில் அழிந்தன. பின்னர் 2006-இல் அரசு தொடங்கிய 'கிரிங்கா' திட்டத்தின்படி ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பசு வழங்கப்படுகிறது. அந்தப் பசு ஈனும் முதல் கிடாரிக் கன்றை, பெற்றவர் அண்டையிலுள்ள இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

விடியற்காலையில் மிதிவண்டிகளிலும் தலைச்சுமையாகவும் பால் வரத் தொடங்கும். பால்மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும், சோதனைக் குழாயில் பாலோடு அதே அளவு 70 சதவீத ஆல்கஹாலைச் சேர்த்துக் குலுக்குவதும், முடிவைப் பேரேட்டில் எழுதுவதும் எனக்குத் தரப்பட்ட வேலைகள். நல்ல பால் குழாயின் சுவரில் வழவழவென்று வழிந்து இறங்கும். புளிக்கத் தொடங்கிய பாலோ நாக்குக்கு இன்னும் இனிப்பாகவே இருக்க, குழாயில் மட்டும் ரவை போன்ற வெண்துகள்களாகத் திரிந்து ஒட்டிக்கொள்ளும். அத்தகைய ஒரு கேன் பாலைத் தவறிச் சேர்த்துவிட்டால் 4 டிகிரியில் குளிர்ந்துகொண்டிருக்கும் தொட்டி முழுவதுமே கெட்டுப்போகலாம் என்பதால், அங்கே இரக்கத்துக்கு இடமில்லை.

ஜூலையில் முதிய பெண்மணி ஒருவர், சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் பிளாஸ்டிக் ஜெரிக்கேனில் பால் கொண்டுவந்தார். குழாயில் பால் திரிந்தது. மறுநாளும் திரிந்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் குழாயை என் கையிலிருந்து வாங்கி, சூரியனுக்கு நேராகச் சாய்த்து, அந்தத் துகள்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திருகிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். அந்தப் பாலுக்கு ஒரு பிராங்க் கூடக் கிடைக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் நிலையத்தின் கால்நடைப் பணியாளரோடு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றோம். முதல் பீய்ச்சலைக் கருப்புக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தபோது கட்டியோ திரளோ இல்லை. மடிநோய்க்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. பின்னர் அந்த ஜெரிக்கேனை முகர்ந்து பார்த்தேன். உட்கூடான அதன் கைப்பிடிக்குள் விரலும் நுழையாது, தூரிகையும் எட்டாது. அங்கே பழைய பால் பிசுபிசுப்பாகப் படிந்து புளித்திருந்தது. கோடையில் வெகுதொலைவிலிருந்து சுமந்துவரும் தண்ணீரில் அதைக் கொதிநீர் ஊற்றிக் கழுவு என்று சொல்வது எளிது, செய்வது எளிதன்று. போதாக்குறைக்கு, முந்தின நாள் மாலைப் பாலையும் வீணாக்க மனமில்லாமல் காலைப் பாலோடு சேர்த்திருக்கிறார்.

அகன்ற வாயுள்ள அலுமினியக் கேன் ஒன்றை நிலையத்திலிருந்து தவணைக்கு வாங்கி, விலையைப் பால் பணத்தில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாலைப் பாலை வீட்டிலேயே 'இகிவுகுடோ' எனப்படும் புளித்த பாலாக உறையவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி சொன்னோம். உறையவைக்கும் பக்குவத்தில் அவருக்கு நாங்கள் கற்றுத்தர எதுவும் இல்லை. விற்க வேண்டிய பாலைக் குடிக்கலாமா என்பதுதான் அவருடைய தயக்கமாக இருந்தது. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த பால் குழாயில் வழவழவென்று இறங்கியபோது, முன்போலவே குழாயை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

பசு கொடுப்பதற்கு நிதி தருவோர் பலர் இருக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆயினும் பசுவோடு ஒரு கேனையும், அதைக் கழுவத் தண்ணீர் கிடைக்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்காதவரை கொடை பாதியிலேயே நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கே நான் பேரேட்டில் எழுதிய நிராகரிப்புகளில் பல, பசுவின் மடியில் தொடங்கியவை அல்ல, பாத்திரத்தில் தொடங்கியவை.

நான் திரும்பிய பிறகு, செப்டம்பர் மழை தொடங்கிய வாரத்தில், அந்த இளைஞரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் ஈற்றில் காளைக்கன்று ஈன்ற அந்த அம்மாளின் பசு, இம்முறை கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறதாம். அது போய்ச் சேர வேண்டிய வீட்டுக்காரர், பால் மறக்கும் முன்பே தினமும் வந்து கன்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.