புதிய நேரம், பழைய நேரம்

2006 ஏப்ரல் 8, சனி. வவுனியா

அறிவித்தல் வந்துவிட்டது. வருடப்பிறப்பு இரவு, புதிய நேரப்படி 12.30 ஆகும்போது மணிக்கூட்டை 12.00க்குத் திருப்ப வேண்டும். இலங்கை பழைய நேரத்துக்கே போகிறது.

பத்து வருடம். 1996 மே 25 அன்று ஒரு மணி நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். அந்த வருடம் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. பின்னேரம் வெளிச்சம் கூட நேரம் நின்றால் விளக்குப் போடுவது குறையும் என்பது கணக்கு. அந்தக் காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒக்டோபர் 26 அன்று அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். அப்புறம் மழை வந்தது, நீர்த்தேக்கங்கள் நிறைந்தன. மற்ற அரை மணி மட்டும் திரும்பி வரவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

இன்று எழும்பிச் சூரியன் வரும் நேரத்தைக் குறித்து வைத்தேன். கிட்டத்தட்ட ஆறரை. தை மாதத்தில் இது ஏழு மணியைத் தொடும்.

எங்கள் பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குகிறது. மூன்று மைல் நடந்து வரும் பிள்ளை ஆறேகாலுக்கு வெளிக்கிட வேண்டும். பத்து வருடமாக, மாரி காலத்தில் என்னுடைய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருட்டில் வரம்பு வழியே நடந்து வந்தார்கள். அதுவும் சோதனைச் சாவடிகள் உள்ள ஊரில். கையில் ரோச் லைட்டோடு, சாப்பிடாமல், நித்திரை முறியாமல் வந்து முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துவிடுவார்கள். நான் எழுப்புவதில்லை. எழுப்ப மனம் வராது.

கணக்கு எளிதானது. சூரியன் 15 பாகையைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். இலங்கை கிட்டத்தட்ட 80 பாகை கிழக்கில் இருக்கிறது. அப்படியென்றால் கிரீனிச்சுக்கு 5 மணி 20 நிமிடம் முந்தியதுதான் எங்கள் சூரியனின் நேரம். 1906 முதல் இருந்த ஐந்தரை மணி அதற்குப் பத்து நிமிடம்தான் தள்ளி நின்றது. ஆறு மணியாக்கியதும் நாற்பது நிமிடம் தள்ளிப் போய்விட்டது. உலகப் போருக்காக 1942இல் ஒருதரம் இப்படி முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் 1945இல், போர் முடிந்த கையோடு, திருப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 12, புதன்

நாளை கிளிநொச்சிக்கு, அம்மாவிடம் போக இருந்தேன். இரவு திருகோணமலைச் செய்தி வந்தது. சந்தையில் குண்டு, பிறகு தமிழர் கடைகளும் வீடுகளும் எரிப்பு. போவதா விடுவதா என்று வெகு நேரம் யோசித்தேன். அம்மா தனிய இருக்கிறார். போகிறேன்.

ஏப்ரல் 13, வியாழன். கிளிநொச்சி

ஓமந்தையில் இராணுவச் சாவடி. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். அப்பால் புலிகளின் சாவடி. இந்தப் பக்கம் எட்டரை என்றால் அந்தப் பக்கம் எட்டு. 1996இல் அரசு நேரத்தை மாற்றியபோது புலிகள் தங்கள் பகுதியில் அதை ஏற்கவில்லை. அதனால் ஒரே வெயிலுக்குக் கீழே இரண்டு நேரம். "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் இங்கே யாரும் ஒரு நேரம் குறிப்பதில்லை. கலியாணக் கடிதத்திலும் எழுத வேண்டும், செத்தவீட்டுச் செய்தியிலும் சொல்லி அனுப்ப வேண்டும்.

தம்பிக்கு நடந்ததை இன்றைக்காவது எழுதி வைக்கிறேன். 2003இல் வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் அவனுக்கு நேர்முகத் தேர்வு, காலை 9 மணி. கடிதத்தில் எந்த நேரம் என்று இல்லை. ஒரு நாள் முந்தி வந்து என்னோடு தங்கு என்றேன். அம்மாவுக்குக் காய்ச்சல், விட்டு வர முடியவில்லை. விடிய வெள்ளன வெளிக்கிட்டு, இரண்டு சாவடியிலும் வரிசையில் நின்று, தன் மணிக்கூட்டில் ஒன்பதுக்குச் சரியாக வாசலில் போய் நின்றான். அங்கே ஒன்பதரை. பெயர் கூப்பிட்டாயிற்று, இனி உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், விறாந்தையில் இருந்தான். "அக்கா, நான் பிந்தவில்லை" என்று மட்டும் சொன்னான். அவன் பிந்தவில்லை. அது எனக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. பக்கத்து வளவில் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் எங்கள் பொங்கலைச் சத்தமில்லாமல் பொங்கினோம்.

குளிக்க முன் தலையில் மருத்துநீர் என்ற மூலிகைத் தண்ணீர் வைக்கும் நேரத்தில் அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. வாக்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முடிந்தது. வவுனியாவில் ஒவ்வொரு வருடமும் எங்களுக்குத் தலையிடி. போட்டிருப்பது பழைய நேரமா, பத்திரிகைக்காரர் அரை மணியைக் கூட்டிவிட்டார்களா, கூட்டியதன் மேல் நாங்களும் கூட்டுகிறோமா? அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. நல்ல நேரம் முழுவதுமே சில வேளை அவ்வளவுதான்.

அம்மாவின் சுவர் மணிக்கூடு சாவி கொடுக்கும் மணிக்கூடு. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது, சீலையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தது. எத்தனையோ இடம்பெயர்வில் நின்று நின்று ஓடியிருக்கிறது, ஆனால் ஒருநாளும் புதிய நேரத்துக்குத் திருப்பப்படவில்லை.

இரவு நித்திரை கொள்ளவில்லை. குப்பி விளக்கின் அருகில் என் கைமணிக்கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். அதில் 12.30 ஆனபோது சுவரில் மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. அடித்து முடியும்வரை காத்திருந்து, என் முள்ளைத் திருப்பினேன். கை நடுங்கியது. அம்மா பாயில் புரண்டு, "என்ன பிள்ளை, படுக்கேல்லையோ?" என்றார்.

ஏப்ரல் 17, திங்கள். வவுனியா

திரும்பி வரும்போது ஓமந்தையில் பலர் வழமைபோல மணிக்கூட்டில் கை வைத்தார்கள். பிறகு ஞாபகம் வந்து எடுத்தார்கள். பையைக் கொட்டிப் பார்ப்பதும் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் முந்தி மாதிரியேதான்.

ஏப்ரல் 24, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. ஆறு மணிக்கே வெளிச்சம். வரம்பு வழியே வந்த பிள்ளைகளின் கால்களில் பனி ஈரம், முகத்தில் வெயில். முதல் பாடத்தில் ஒருவரும் தலை சாய்க்கவில்லை. மூன்று பேர் பழக்கத்தில் ரோச் லைட்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

பின்னேரம் அலுவலகக் கணினியில் நேரத்தை மாற்றினேன். ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று இருக்கும் ஆறு மணி வரியை விட்டு, சென்னை, கொல்கத்தா என்று இருக்கும் ஐந்தரை மணி வரியைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

ஏப்ரல் 29, சனி

தம்பியின் கடிதம். திரும்பவும் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்களாம், மே மாதம், வவுனியாவில், காலை 9 மணி. அடியில், "இது புதிய நேரமா பழைய நேரமா என்று விசாரித்து எழுதுங்கோ அக்கா" என்று கேட்டிருக்கிறான்.

உடனே பதில் எழுதினேன். ஒன்பது என்றால் ஒன்பதுதான் தம்பி, வா.