கார் ஏசி கம்ப்ரஸரில் வந்த கரகர சத்தம்: கேஸ் லைனைத் திறக்காமல் சரிசெய்த கதை

பிப்ரவரிக் கடைசியில் ஆரம்பித்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் பானட்டின் வலது ஓரத்தில் அம்மியில் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும். 2011 மாடல் சின்ன கார், 96,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். ஏசி கேஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் ஒன்றுதான்: ஏசியை அணைத்த பிறகும் சத்தம் வந்தது.

கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கம்ப்ரஸரின் உள்ளே எதுவும் அசையாது. ஏசி பட்டனைப் போட்டால்தான் புல்லிக்குப் பின்னால் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) கரண்ட் போய், அது காந்தமாகி, முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டை இழுத்து ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸரின் நடுத்தண்டான ஷாஃப்ட் சுற்றும். ஆக, ஏசி ஓடும்போது மட்டும் சத்தம் என்றால் கம்ப்ரஸரின் உள்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். அணைத்த பிறகும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் புல்லிக்குள் இருக்கும் பேரிங் (அது உரசாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்) மேல்தான் விழ வேண்டும்.

முதல் ஞாயிறு சோதனையோடு போனது. ஓடும் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சத்தத்தில் மாற்றமே இல்லை, அதனால் பெல்ட் இல்லை. என் வண்டியில் ஏசிக்குத் தனி பெல்ட். அதைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வேறு பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் அந்த நிமிஷமே கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்ஜினை நிறுத்திவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். விரல் நுனியில் நறநறவென்று தட்டுப்பட்டது; பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டமும் இருந்தது. அப்புறம் நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டை மட்டும் சுற்றினேன். அது ஒரே சீரான இறுக்கத்தோடு, எங்கேயும் சிக்காமல் சுற்றியது. கம்ப்ரஸரின் உள்ளே நன்றாக இருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். 18,000 ரூபாய் கொடுக்கும் முன் கையால் சுற்றிப் பார்க்கும் இந்த இரண்டு சோதனையையும் யாரும் செய்து பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை.

அடுத்த ஞாயிறு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வலது முன் சக்கரத்தைக் கழற்றியதும் கம்ப்ரஸரின் முகம் நேராகத் தெரிந்தது. பழைய பெல்ட் ஒன்றைக் கிளட்ச் தட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றினேன். தட்டு கையோடு வரவில்லை. அதன் நடுவில் மரை இருக்கிறது. சரியான அளவு போல்ட்டை அதில் முறுக்கினால் அதுவே தட்டை வெளியே தள்ளிவிடும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது, தட்டு வளைந்துவிடும்.

தட்டுக்குப் பின்னால் ஷாஃப்டில் காகிதம் போன்ற இரண்டு மெல்லிய வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இவற்றை ஷிம் என்பார்கள். எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பிறகு புல்லியைப் பிடித்திருக்கும் வளைய லாக்கைப் பிளையரால் விரித்து எடுத்ததும், இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துத் தட்டப் புல்லி வந்துவிட்டது. கேஸ் லைனைத் தொடவே இல்லை.

பேரிங்கின் ஒரு பக்க ரப்பர் சீல் பிளந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் மாதிரி காய்ந்த பொடி. மேலே 35பிடி5020 என்ற எண் பாதி அழிந்திருந்தது. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: உள்விட்டம் 35, வெளிவிட்டம் 50, அகலம் 20 மி.மீ. வெர்னியரால் அளந்து உறுதி செய்துகொண்டு, திங்கட்கிழமை சென்னை ஜி.பி. ரோட்டில், குண்டுகள் இரட்டை வரிசையாக இருக்கும் பேரிங் ஒன்று வாங்கினேன். 750 ரூபாய்.

பழையதை எடுத்துப் புதியதை ஏற்ற லேத் பட்டறைக்குப் போனேன். பிரஸ்ஸில் வைக்கும் முன் பட்டறை அண்ணன் என் கையில் இருந்த சாக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது சின்னது தம்பி. உள் ரேஸ்ல, அதான் உள் வளையத்துல, உக்காரும். வெளி ரேஸ்லதான் அழுத்தணும்."

"உள்ளே அழுத்தினா என்னண்ணே ஆகும்?"

"குண்டு வழியாத்தானே அழுத்தம் போகும்? குண்டு ஓடுற பாதையில தழும்பு விழுந்துடும். புது பேரிங்கே ஒரு மாசத்துல கத்தும்."

பெரிய வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, நிதானமாக இறக்கினார். பேரிங் அடியில் போய் உட்காரும்போது டக்கென்று சத்தம் மாறுவதைக் கேட்கச் சொன்னார். புல்லி ஓரத்தில் நாலு இடத்தில் பஞ்ச் அடித்துப் பேரிங்கைப் பூட்டியும் கொடுத்தார். 150 ரூபாய்தான் வாங்கினார்.

மூன்றாவது ஞாயிறுதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டி, புல்லிக்கும் கிளட்ச் தட்டுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.95 மி.மீ. இடைவெளி. இந்த மாதிரி கிளட்ச்சுக்கு 0.35 முதல் 0.65 வரை இருந்தால் போதும். உரசும் முகம் வருஷக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து இடைவெளி பெருகிவிட்டிருக்கிறது.

போன மே மாதத்திலிருந்து எனக்கு வேறொரு குறை இருந்தது. மதியம் டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றால் ஏசி சட்டென்று சூடான காற்றை ஊதும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒரு நாள் இப்படி ஆகி, அவர் வியர்த்துத் தவித்ததை மறக்க முடியாது. கேஸ் குறைவு என்று இரண்டு முறை நிரப்பினேன், பயனில்லை. காரணம் இந்த இடைவெளியாகத்தான் இருக்க வேண்டும். காயில் என்பது செம்புக் கம்பிச் சுருள். 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும், கரண்ட் குறையும், காந்தத்தின் பிடியும் தளரும். ஏற்கெனவே தள்ளி நிற்கும் தட்டை அதனால் இழுக்க முடியாது. வண்டி ஆறியதும் மறுபடி இழுக்கும்.

தீப்பெட்டியில் வைத்த ஷிம்களில் ஒன்று 0.4, இன்னொன்று 0.5. தடிமனான 0.5-ஐ எடுத்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்து மாட்டினேன். ஒரு பக்கம் 0.45 வந்தது, எதிர்ப்பக்கம் 0.25! மறுபடி கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் பல்லில் துரு ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மாட்டியதும் மூன்று இடத்திலும் 0.45. காயிலின் மின்தடை 3.6 ஓம் காட்டியது, அதில் குறையில்லை.

ஸ்டார்ட் செய்தேன். அரைபடும் சத்தம் போயே போய்விட்டது. ஏசி போட்டதும் கிளட்ச் ஒட்டும் அந்த 'டக்' முன்பைவிடக் கூர்மையாகக் கேட்டது. புதன்கிழமை மதியம் 2 மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். குளிர் ஒரு தடவைகூட விடவில்லை.

பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் புல்லியிலும் விரலுக்கு லேசான ஆட்டம் தெரிகிறது. இன்னும் சத்தம் போடவில்லை. அதற்கான பேரிங் வாங்கி வைத்துவிட்டேன், வரும் ஞாயிறு மாட்ட வேண்டும்.